சேற்றுக்குத் தீட்டில்லை

எங்க அம்மாவுக்குப் பூ என்றால் கனகாம்பரம், டிசம்பர் பூ. கொட்டியை அவள் ஒருநாளும் பூ என்று சொன்னதில்லை. "அது பூவாடா? அது கெழங்கு" என்பாள். நான் அதைப் பூ என்று எழுத உட்கார்ந்ததே அவளுக்குச் சிரிப்பாக இருக்கிறது. "எழுது எழுது. நீதான் படிச்சவனாச்சே."

கொட்டியைப் பார்க்காதவர்கள் இந்தப் பத்திரிகையின் வாசகர்களிலேயே நிறையப் பேர் இருப்பார்கள். மழை பெய்து ஏரியில் முழங்கால் தண்ணீர் ஏறியதும் சேற்றுக்குள்ளிருந்து முதலில் மெல்லிய இலை வரும். ஓரமெல்லாம் நெளிநெளியாக, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற இலை. அது தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். அப்புறம்தான் நீண்ட காம்போடு மிதக்கிற இலை, மாட்டு நாக்கு மாதிரி. ஐப்பசி, கார்த்திகையில் இலைகளுக்கு நடுவே ஒரு தண்டு தண்ணீருக்கு மேலே விரல் நீளம் நிமிர்ந்து நிற்கும். அதைச் சுற்றிப் பொடிப்பொடியாக வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த பூ. அல்லி மாதிரி அகல விரிந்து ஆளைக் கூப்பிடாது. கரையில் போகிறவன் குனிந்து பார்த்தால்தான் உண்டு. தாவரவியலில் அதற்கு அபோனோஜெடான் நட்டன்ஸ் என்று பெயர். அது நான் கல்லூரிக்குப் போய்த் தெரிந்துகொண்டது.

மதுராந்தகம் பக்கம் எங்க ஊர். ஊருக்கு ஒரு குளம், ஒரு ஏரி. குளம் குடிதண்ணீருக்கு. அதன் படியில் எங்க ஆளுங்க கால் வைக்க முடியாது. 1927 மார்ச் 20-ல் அண்ணல் அம்பேத்கர் மகத்தில் சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அந்தச் சேதி எங்க ஊர்க் குளத்தங்கரைக்கு வந்து சேர அறுபது வருசத்துக்கு மேலே ஆனது. ஆனால் ஏரியில் இறங்க எங்களுக்குத் தடையே கிடையாது. ஏன் தடை போடுவார்கள்? மதகு அடைத்துக்கொண்டால் மூச்சைப் பிடித்து உள்ளே முங்கி அடைப்பை எடுக்க எங்க தாத்தாதான் வேண்டும். அவர் நீர்க்கட்டி. எந்த மடைக்கு எத்தனை நாழி என்று அவர்தான் தண்ணீர் விடுவார். அறுவடைக்குக் களத்துமேட்டில் நெல் அளந்து போடுவார்கள். அவர் தண்ணீர் கட்டிய ஆயக்கட்டில் அவருக்கு ஒரு காணி நிலம் கிடையாது. தண்ணீருக்குத் தீட்டு உண்டு. சேற்றுக்குத் தீட்டில்லை.

சேறு எங்களுக்கென்று விடப்பட்டதால்தான் கொட்டியும் எங்களுடையதாயிற்று.

1982-ல் மழை பொய்த்தது. 1983 கோடையில் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெயிலேறுவதற்கு முன்னே ஆயாவும் அம்மாவும் சேரிப் பெண்கள் இருபது பேரும் களைக்கொட்டோடு ஏரி உள்வாய்க்குப் போவார்கள். நானும் கூடைக்காரனாகப் போவேன். காய்ந்த இலைக்காம்பு கருப்பு நூல் மாதிரி மண்ணில் ஒட்டியிருக்கும் இடத்தை ஆயா கண்டுபிடிப்பாள். பாளத்தைப் புரட்டினால் அடியில் ஈரம், ஈரத்தில் கிழங்கு. கோலிக்குண்டு அளவு, சிலது அதைவிடச் சின்னது. மேலே கருப்புத் தோல், உள்ளே வெள்ளை மாவு. கழுவி, உப்புப் போட்டு அவித்து, தோல் உரித்துத் தின்பதுதான் ராத்திரிச் சோறு. மண்வாசனை போகவே போகாது. பொடிக்கிழங்கை ஆயா திரும்ப வெடிப்பிலேயே போட்டு மூடிவிடுவாள். பக்தியெல்லாம் ஒன்றுமில்லை. "இத்த உரிச்சா கையில தோலுதான்டா மிஞ்சும். கெடக்கட்டும், அடுத்த வருசத்துக்கு ஆவும்."

அந்த வருசம் நான் ஆறாவது. தமிழ் வாத்தியார் மூதுரை நடத்தினார். குளம் வற்றினால் பறவை பறந்துபோய்விடும், கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அங்கேயே ஒட்டிக் கிடக்கும், உறவு என்றால் அப்படி இருக்கவேண்டும் என்று ஔவையார் சொல்கிற பாட்டு. வாத்தியார் நன்றாகத்தான் நடத்தினார். ஆம்பல் என்றால் அல்லி என்றார். நெய்தல் நீலப்பூ என்றார். கொட்டி என்றால் 'ஒருவகை நீர்த்தாவரம்' என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "சார், எனக்குத் தெரியும் சார். நேத்துகூட அதத்தான் தின்னோம்" என்று சொல்லிவிட்டேன்.

வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். "சேத்துல நோண்டித் தின்னா தமிழ் வராதுடா, உக்காரு" என்றார். அதற்கப்புறம் ஒரு வருசத்துக்கு என் பெயர் கொட்டி. ஊர்த்தெருப் பையன்கள் சொன்னது ஒருபக்கம், நானே வீட்டுக்கு வந்து "இனிமே இத என் தட்டுல போடாதே" என்று அம்மாவிடம் கத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வேறு எதுவும் இல்லாததால் அன்று ராத்திரி இரண்டுபேரும் சாப்பிடவில்லை. ஔவையார் பாட்டில் இருந்தால் இலக்கியம், எங்க தட்டில் இருந்தால் கேவலம். அந்த வயதில் எனக்கு அது பிடிபடவில்லை. பட்டினிதான் பிடிபட்டது.

இந்தச் செடி பிழைப்பதற்கு என்ன வேண்டும் என்று யோசித்தால் பாட்டில் பாதிதான் இருக்கிறது. வற்றினாலும் கிடக்கும் என்பது சரி. ஆனால் அது வெறும் சகிப்பில்லை. நிறைந்து வற்றி, வற்றி நிறைகிற ஏரிதான் அதன் இடம். கோடையில் இலையெல்லாம் அழுகிப்போய்க் கிழங்கு மட்டும் மண்ணுக்குள் தூங்கும். மழை வந்தால் எழும். தண்ணீர் முழங்காலுக்கு மேல் இடுப்புக்குள் இருக்கவேண்டும். ஓடாத தண்ணீராக இருக்கவேண்டும். மேலே வெயில் விழவேண்டும். கரை சரிந்து சரிந்து இறங்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அடிவண்டல் கிடந்த இடத்தில் கிடக்கவேண்டும். பறவைக்குச் சிறகு இருக்கிறது, வேறு ஏரிக்குப் போகும். கொட்டிக்கு அந்தச் சேறுதான்.

வறட்சி அதைக் கொல்லவில்லை. 1983-ஐயே தாண்டி வந்தது.

1981-ல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் ஏரி உள்வாய்களில் கருவேலம் நட்டார்கள். எங்க ஏரியிலும் பாதி உள்வாய் நிழலாகிப் போனது. நிழல் விழுந்த இடத்தில் கொட்டி ஒதுங்கியது. மிச்சத்தில் சீமைக்கருவேலம் தானே ஏறியது. பிறகு மீன் ஏலம் வந்தது. ஏலம் நடப்பது ஊர்க் கோயில் மண்டபத்தில். அந்த மண்டபத்துக்குள் போகமுடியாதவன் எங்கே நின்று ஏலம் கேட்பான்? எடுத்தவர் கட்லா, ரோகுவோடு புல்கெண்டைக் குஞ்சும் கொண்டுவந்து விட்டார். 1959-ல் இந்தியாவுக்குள் வந்த சீன மீன் அது. தண்ணீர்ச் செடிதான் அதற்குச் சோறு. கீரைக் கட்டை ஆடு மேய்வது மாதிரி இலையை மேய்ந்துவிடும். வயல்களில், வரப்போரப் பள்ளங்களில் இருந்த கொட்டி களைக்கொல்லியில் போயிற்று.

அப்படியும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஏரி கலங்கல் தாண்டி ஓடியபோது, மீனெல்லாம் அடித்துக்கொண்டு போக, தை மாதம் தென்கரை ஓரம் முழுக்கப் பூ. நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். "அட, இது இன்னும் சாவலியா" என்றாள். அதுதான் அந்த ஏரியில் கடைசி.

2016-ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டமும் வறட்சி மாவட்டம் என்று அரசு அறிவித்தது. அந்த வருசம் ஏரிகளில் வண்டல் மண்ணை இலவசமாக எடுத்துக்கொள்ள அனுமதி வந்தது. தூர் வாருவது கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஏரிக்கு அது தேவை. ஆனால் பழைய காலத்தில் மண்வெட்டியும் கூடையும் வாரியது. இப்போது ஜேசிபி. வயல் வைத்திருப்பவன் சான்று வாங்கிக்கொண்டு வண்டி விடலாம். நிலமே இல்லாத எங்க தெருவுக்கு ஒரு கூடை மண்கூட வந்து சேரவில்லை. தாத்தா மூச்சடக்கி முங்கிய மதகுக்கு எதிரிலேயே ஆள் உயரத்துக்குத் தோண்டினார்கள். ராத்திரியில் போன லாரிகள் வயலுக்குப் போகவில்லை, செங்கல் சூளைக்குப் போயின. கிழங்கு இருப்பது மேல்வண்டலில், ஒரு சாண் இரண்டு சாண் ஆழத்தில். தூங்கிக்கொண்டிருந்ததை அப்படியே அள்ளிக்கொண்டு போய்ச் சுட்டுவிட்டார்கள். இப்போது மழை வந்தால் அந்தக் குழிகளில் ஆளை முழுக்கும் தண்ணீர் நிற்கிறது. அதில் முளைப்பதற்குக் கிழங்கும் இல்லை, இருந்தாலும் இலை மேலே வந்து சேராது.

கொட்டியின் சொந்தக்காரி ஒருத்தி மராட்டியத்தில் சாத்தாரா பக்கம் காஸ் பீடபூமியில் இருக்கிறாள். வாய்துரா என்கிறார்கள். உலகத்தில் அந்த மலைப்பகுதியை விட்டால் வேறெங்கும் இல்லாத செடி. அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. காஸ் 2012-ல் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆகிவிட்டது. நல்லது, வாழட்டும். எங்க கொட்டி இந்தியா, இலங்கை முழுக்கப் பரவிக் கிடப்பதால் அது எந்தப் பட்டியலிலும் ஏறாது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி குளங்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் செத்தால் அது சாவுக் கணக்கில் வராது போலும். சேரிக்குச் சேரி தனித்தனியாகக் கொளுத்தினால் அதைத் 'தகராறு' என்று எழுதிவிடுகிற மாதிரி.

இதையெல்லாம் ஒரு தோழரிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. "1994-ல காரணையில பஞ்சமி நிலம் கேட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டுல செத்த மாவட்டத்துல ஒக்காந்துக்கிட்டு நீ பூவுக்கு எழுதுறியா?" என்றார். கேட்கவேண்டிய கேள்விதான். எனக்கு உடனே பதில் வரவில்லை. அம்மாவோ இன்னும் ஒருபடி மேலே. "அது போனா போவட்டும். எம் பேரப்புள்ளைங்க அதத் தின்ன வேணாம்." அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பட்டினியை அழகாக்கி எழுதுகிறவர்கள் பட்டினி கிடந்ததில்லை. நான் கேட்பது கிழங்கை அல்ல. அந்தச் சேற்றின் மேல் யாருக்குப் பேச்சு என்பதைத்தான். அது நிலத்துக் கேள்வியா பூவுக் கேள்வியா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

போன தை மாதம் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். எங்க சுடுகாட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டை உண்டு. காரியம் முடிந்து கால் கழுவுகிற தண்ணீர். ஊர்க்காரன் அங்கே வரமாட்டான். அந்த மண்ணை வயலுக்கோ சூளைக்கோ எடுக்கமாட்டான், சேரிப்பிணம் எரித்த சாம்பல் கலந்த மண். மீன் விட்டாலும் வாங்க ஆளில்லை. கால் கழுவக் குனிந்தபோது கண்டேன். இலை மிதக்கிறது. நடுவே தண்டு நிற்கிறது. எண்ணினேன், பதினொன்று.

ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்தேன். பிணத்தைக் குளிப்பாட்டிய ஈரப் புடவையோடு வந்து நின்று பார்த்தாள். "இங்கதான் ஒளிஞ்சிக்கினு கீறியா?" என்று செடியைக் கேட்டாள். என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

இப்போது அந்தக் குட்டையை ஆழப்படுத்தி நான்கு பக்கமும் கல் பதித்து நடைபாதை போட அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கல் பதித்தால் சரிவு போகும், ஆழப்படுத்தினால் வண்டல் போகும். தென்பக்கச் சரிவை மட்டும் கை வைக்காமல் விடவேண்டும், அந்தப் பக்கத்து மண்ணை எடுக்கக்கூடாது, குட்டையை ஏலம் விடக்கூடாது என்று மனு எழுதியிருக்கிறோம். அக்டோபர் 2 கிராமசபையில் தீர்மானமாக வைக்கவேண்டும். அலுவலகத்தில் மனுவைப் படித்த ஐயா, "கொட்டின்னா என்ன?" என்றார். நெய்தலும் ஆம்பலும் அவருக்குத் தெரிந்திருந்தது.

வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். நேற்றுவரை முப்பத்தேழு. அம்மா கைநாட்டு வைத்தாள்.