ஒற்றைக் கட்டம்

ஜூன் 8, சனி

கூலிக் கவர் எல்லாம் கொடுத்தாகிவிட்டது என்று லைட்டை அணைக்கப் போனேன். கதவோரம் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கைமடி வேலைக்குப் புதிது, நேற்றுதான் சேர்ந்தாள்.

“எனக்குக் கவர் வரலீங்கக்கா.”

ஷீட்டைத் திறந்தேன். வருகையில் வெள்ளிக்கிழமை ஒரு ஷிப்ட் இருக்கிறது. கூலிக்கு நேரே 0. என் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். “கம்ப்யூட்டர்ல தப்புங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். அதை எழுதியதே நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

திருப்பூரில் சனிக்கிழமைச் சம்பளம் அரைமணி பிந்தினாலே பேச்சாகிவிடும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு முன் நோட்டை விட்டுவிட்டு எக்செலுக்கு வந்தேன். வீடியோ பார்த்துப் பார்த்து, அதற்குள் இருக்கும் விபிஏ மொழியில் மூன்று ஃபங்ஷன் எழுதினேன். ‘ஷிப்ட்’ என்பது ஒருவருடைய வருகைக் கட்டங்களை, அரை, ஒன்று, ஒன்றரை என்று, வாங்கி எண்வரிசையாக்கித் தரும். அதை ‘கூலி’ வாங்கி ரேட்டால் பெருக்கிக் கூட்டும். ‘கையில்’ அட்வான்ஸைக் கழிக்கும். மூன்றையும் தனித்தனி நெடுவரிசையாக விட்டிருக்கலாம். ஷீட் அகலமாகிறது என்று ஒன்றின் வயிற்றில் ஒன்றை வைத்தேன். எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு இஃப்எரர். பிழை வந்தால் 0 போடு என்று அதற்கு உத்தரவு.

2003 எக்செல் வரை இப்படி 7 அடுக்குதான் வைக்க முடியும். 2007இலிருந்து 64. என்னுடையது நாலே அடுக்கு, அதற்கே இந்தப் பாடு.

இன்று முழுக்கத் தப்பான இடத்தில் தோண்டினேன். பெயருக்குப் பின்னால் இடைவெளி விழுந்திருக்கிறதா? இல்லை. ரேட் எழுத்தாகப் பதிந்திருக்கிறதா? இல்லை. கணக்கீடு மேனுவலில் நிற்கிறதா? அதுவும் இல்லை. சாம்பார் அடிப்பிடித்தது.

ஜூன் 11, செவ்வாய்

இஃப்எரரை உரித்துப் பார்த்தேன். உள்ளே #வேல்யூ! என்று இருந்தது. ஆக, 0 என்பது கணக்கின் விடையே இல்லை. பிழையின் மேல் நானே போர்த்திய துணி.

‘கையில்’ ஃபங்ஷனின் முதல் வரியில் எஃப்9 அழுத்தி பிரேக்பாயிண்ட் வைத்தேன். ஷீட்டுக்கு வந்து மறுகணக்குப் போட்டேன். நிற்கவில்லை. இன்னொரு தரம். நிற்கவில்லை. மௌஸைத் தூக்கி எறியத் தோன்றியது. அப்புறம்தான் விளங்கியது: ‘கையில்’ எண்ணை எதிர்பார்க்கிறது, டபிள் என்று அறிவித்திருக்கிறேன். உள்ளேயிருந்து பிழை வந்தால் எக்செல் அதைக் கூப்பிடுவதே இல்லை, வாசலிலேயே #வேல்யூ! எழுதிவிடுகிறது. வண்டியே வராத ஸ்டாப்பில் ஒரு மணிநேரம் காத்திருந்திருக்கிறேன்.

அடுக்கைப் பிரித்து மூன்று கட்டத்தில் போட்டேன். ‘ஷிப்ட்’ தனியாகவே #வேல்யூ! என்றது. விபிஏ கோடுக்கு நடுவில் நான் எழுதி வைத்த குறிப்பு ஒன்றும் கண்ணில் பட்டது: ‘பிறகு பார்க்கலாம்’. ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது. அந்த எடிட்டரில் தமிழ் அடித்தால் கேள்விக்குறியாகத்தான் விழும்.

ஜூன் 12

பேக்கிங் அவசரம். திறக்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

அந்தப் பெண்ணுக்குப் பொய்யாக இன்னொரு நாள் வருகை சேர்த்தேன். பணம் வந்துவிட்டது! நீக்கினேன். போய்விட்டது. நாலைந்து தரம் குழந்தை மாதிரி சேர்த்துச் சேர்த்து நீக்கிக்கொண்டிருந்தேன்.

இமீடியட் விண்டோவில் ‘ஷிப்ட்’டை நேராகக் கூப்பிட்டதும் ஷீட்டில் காட்டாத பிழையைப் பெட்டி போட்டுக் காட்டியது: 13, டைப் மிஸ்மேட்ச். ஆறு நாள் வந்தவருக்கு ஆறு கட்டம் கொடுத்தால் எக்செல் அரேயாகத் தருகிறது. ஒருநாள் மட்டும் வந்தவருக்கு ஒரே கட்டம் கொடுத்தால் வெறும் எண்தான். என் கோடு அந்த எண்ணிடம் போய் ‘உன்னிடம் எத்தனை வரி’ என்று கேட்கிறது. அது எப்படிச் சொல்லும்?

அரே இல்லையென்றால் ஒரு வரி அரேயாக மாற்றிக்கொள் என்று நாலு வரி சேர்த்தேன். ஷீட்டில் அப்போதும் 0. கோடை மாற்றினால் பழைய கட்டங்கள் தானாக அசையாது என்பதை மறந்து பத்து நிமிஷம் வியர்த்தேன். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்9. வந்தது. எழுந்து போய் ஒரு டீ.

ஜூன் 15, சனி

எல்லோருக்கும் கவர். அவளுக்கும். என் முன்னாலேயே இரண்டு தரம் எண்ணினாள்.

ஜூன் 18, செவ்வாய்

இரவு தூக்கம் பிடிக்கவில்லை. இரண்டு வருஷமாக ஒருநாள் மட்டும் வந்தவர்கள் வேறு யாரும் இல்லையா? அந்தக் கோடை எழுதிய அன்று சோதித்துப் பார்த்தது யாரை வைத்து? ஓவர்லாக் டைலர் ஒருவர், வாரம் ஆறு நாள் தவறாதவர்.

அந்தந்த வாரம் சேமித்து வைத்த பழைய கணக்குகளில், வருகை இருந்து கூலி 0 என்று ஃபில்டர் போட்டேன். ஒன்பது பேர்.

ஒருவரும் கேட்டு வரவில்லை. ஒருநாள் வேலை செய்துவிட்டு, பிடிக்காமலோ முடியாமலோ போனவர்கள். எந்தச் சனிக்கிழமையும் பணம் மிஞ்சவில்லை. மிஞ்சாது. ஷீட் சொன்ன தொகையைத்தான் பேங்கில் எடுத்தோம்.

ஓனரிடம் சொன்னேன். “கேட்டு வந்தாக் குடுத்துக்கலாங்க” என்றார். கோபமில்லை, அக்கறையுமில்லை.

ஜூன் 20, வியாழன்

ஆறு பேருக்குத்தான் நம்பர் இருக்கிறது. இரண்டு ஸ்விட்ச் ஆஃப். ஒன்று வேறு யாரோ. ஒரு அம்மா அழாத குறையாக நன்றி சொன்னார், எனக்குக் கூசியது. ஒன்றை யாரும் எடுக்கவில்லை. வடக்கத்திப் பையன் ஒருவன் எடுத்தான். எனக்குத் தெரிந்த இந்தியில் “ஏக் தின், பைசா” என்றேன். பணம் போட யுபிஐ நம்பர் கேட்டதும் வைத்துவிட்டான். மறுபடி அடித்தேன், பிளாக் செய்துவிட்டான் போலிருக்கிறது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஜூன் 22, சனி

இஃப்எரரைத் திரும்பப் போடவில்லை. பிரிண்ட்டில் அசிங்கமாக #வேல்யூ! வந்தால் வரட்டும். இந்த வாரம் வரவில்லை.

எட்டுக் கவர் டிராயரில் இருக்கிறது, மேலே பென்சிலால் பெயர். ஒன்றில் மட்டும் எழுதப் பெயரில்லை. ஷீட்டில் ‘கைமடி, புது ஆள்’ என்றுதான் அடித்து வைத்திருக்கிறேன்.