கொப்பியில் விடுபட்ட கட்டம்

கரைவலை இழுத்து முடிந்து மீன் மணலில் கிடக்கும்போது வியாபாரிகள் வந்து நிற்பார்கள். ஒருவர் பெட்டிக்கு இவ்வளவு என்பார். இன்னொருவர் கிலோவுக்கு விலை சொல்வார். மூன்றாமவர் கிலோவுக்குக் கூட்டிச் சொல்லிவிட்டு, ஐஸ் காசையும் லொறிக் கூலியையும் பிறகு கழிப்பார். கூடச் சொன்னவருக்கே கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்துக் கையைப் பிசைந்த நாட்கள் எனக்கு உண்டு. பெட்டிக்காரனையும் கிலோவுக்கு விலை சொல்ல வை, கழிவை இப்பவே கேள் என்று என் ஐயா சொல்லித் தந்தார். மன்னார் கீரிக் கரையில் அந்தப் புத்தியை வைத்துத்தான் பிழைத்தேன். அதே புத்தியை வாக்குச்சீட்டுக்குக் கொண்டுவர எனக்கு எழுபத்து நாலு வயதாக வேண்டியிருந்தது.

அதுவரை நான் சொல்லுக்கு வாக்களித்தவன். பெரியவர்கள் சொன்னார்கள், கட்சி சொன்னது, சொந்தக்காரர் சொன்னார்கள், போட்டேன். ஒருமுறை உள்ளூர்த் தேர்தலில் ஒருவர் எங்கள் ஒழுங்கைக்கு வலை கொடுத்தார். நல்ல வலை. நானே வீடு வீடாகப் போய் அவருக்குப் புள்ளடி போடச் சொன்னேன். வென்ற பிறகு அவர் ஒழுங்கைப் பக்கம் வரவில்லை. வெகுநாள் அவரைத் திட்டினேன். பிறகுதான் உறைத்தது, என்ன செய்வீர்கள் என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு கிழமை இருக்கும். முதல் தடவை வாக்களிக்கப் போகும் என் பேத்தி ஒரு கட்டு நோட்டீஸோடு வந்து, “அம்மப்பா, நீங்கள் ஆருக்குப் போடப்போறீங்கள்?” என்றாள்.

“அதை விடு பிள்ளை. கொப்பியொண்டு எடு.”

39 பேரின் வேட்புமனு ஏற்கப்பட்டிருந்தது. அத்தனை பேரையும் பார்க்க எங்களால் ஆகாது. அநுர குமார திசாநாயக்க, சஜித் பிரேமதாச, ரணில் விக்கிரமசிங்க, நாமல் ராஜபக்ஷ, சங்குச் சின்னத்தில் நின்ற பாக்கியசெல்வம் அரியநேத்திரன் என்று ஐந்து பேரின் பெயரை மேலே எழுதினோம். இடது பக்கத்தில் எங்கள் கேள்விகளை எழுதினோம். அவர்கள் பேச விரும்புவதை எழுதக்கூடாது, எங்களுக்கு வேண்டியதை எழுத வேண்டும் என்று அவளுக்குக் கண்டிப்பாகச் சொன்னேன். இழுவைமடிப் படகு, மண்ணெண்ணெய், மாகாண சபை, காற்றாலை. நாலே நாலு கேள்வி.

முதல் இரண்டிலும் சீக்கிரம் களைத்துப்போனோம். 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய மண்ணெண்ணெயை எந்த மீன்பிடிக் குடும்பமும் மறக்காது. ஆனால் ஒழுங்கைக்கு வாக்குக் கேட்டு வந்த எல்லாரும் நிவாரணம் தருவோம் என்றார்கள், எல்லாரும் இழுவைப் படகை நிறுத்துவோம் என்றார்கள். எல்லாக் கட்டத்திலும் ஒரே பதில் விழுந்தால் அந்தக் கேள்வியால் ஆளைப் பிரிக்க முடியாது. எப்படி, எந்தக் காசில் என்று கேட்டபோது வந்தவர்கள் அடுத்த வீட்டுக்கு நடந்தார்கள். அதையும் அவள் கொப்பியில் எழுதினாள்.

மூன்றாவது கேள்வியில்தான் ஆட்கள் பிரிந்தார்கள். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. சஜித் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துவேன் என்றார். ரணில் பொலிஸ் அதிகாரத்தைப் புதிய பாராளுமன்றத்தின் முடிவுக்கு விட்டார். நாமல் காணி, பொலிஸ் அதிகாரங்கள் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அநுர புதிய அரசியலமைப்பு என்றார், ஒரு வருடத்துக்குள் உள்ளூராட்சி, மாகாண சபைத் தேர்தல்கள் என்றும் அவருடைய விஞ்ஞாபனத்தில் இருந்தது. அரியநேத்திரன் சுயநிர்ணய உரிமை என்றார். இதே ஆட்களின் மேடைப்பேச்சைத் தனித்தனியாகக் கேட்டிருந்தால் அநேகரும் ‘தமிழ் மக்களின் பிரச்சினையைத் தீர்ப்போம்’ என்று சொன்னது மட்டுமே காதில் நின்றிருக்கும். நாமல் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பிடிக்காததை நேரே சொன்ன மனிதரைக் கொப்பியில் சரியாக எழுத வேண்டும் என்று பேத்தியிடம் சொன்னேன். எதிராளியின் கட்டத்தை நேர்மையாக நிரப்பாவிட்டால், நம்முடைய ஆளின் கட்டத்திலும் நாம் பொய்தான் எழுதுவோம்.

இன்னொன்றும் அவளுக்குக் காட்டினேன். இந்தத் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பு வாக்குப் போடலாம். நம் ஆட்கள் பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். நம்முடைய ஆள் தோற்றால் மற்றவர்களில் யார் பரவாயில்லை என்று சொல்ல, அந்த மற்றவர்களையும் படித்திருக்க வேண்டும். அநுர 42.31 வீதம் எடுத்தும் பாதியைத் தாண்டாததால், இலங்கைச் சரித்திரத்தில் முதல் தடவையாக இரண்டாம் சுற்றில் விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். அந்த இரவு வானொலியைக் கேட்டபடி அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

நாலாவது கேள்வி காற்றாலை. எங்கள் மன்னார் தீவின் தென்கரையில் தம்பபவனி என்ற பெயரில் 30 காற்றாலைகள் 2020 முதல் நிற்கின்றன. மழைநீர் முன்போல ஓடவில்லை, வலசைப் பறவைகள் வரும் வழி கெடுகிறது, கரையோரத்தில் மீன் குறைந்துவிட்டது என்று இங்கே சனம் சொல்லிக்கொண்டிருக்க, அடுத்ததாக மன்னாருக்கும் பூநகரிக்கும் சேர்த்து 484 மெகாவாட்டுக்கு அதானி நிறுவனத்தின் திட்டம் வந்தது. ரணிலின் அரசாங்கம் ஒரு யூனிற்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்று விலைக்கு ஒப்புக்கொண்டது. தேர்தல் நேரத்தில் அநுர, தான் வந்தால் அதை ரத்துச் செய்வேன் என்றார். அவருடைய கட்டத்தில் ‘ரத்து’ என்று கொட்டை எழுத்தில் நானே எழுதினேன்.

2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் விலகிக்கொண்டது. எனக்குச் சந்தோஷம். பேத்தியிடம் கொப்பியைக் காட்டிப் பெருமைப்பட்டேன்.

அந்த ஆகஸ்டில் மன்னார் நகரில் சனம் தெருவில் உட்கார்ந்தது. வேறு கம்பனிகளின் புதிய காற்றாலைகளுக்கான பாரிய உதிரிகள் தீவுக்குள் வந்துகொண்டிருந்தன. ஜனாதிபதியாகியிருந்த அநுர ஒரு மாதம் வேலையை நிறுத்திவைத்தார். செப்டெம்பர் 21, தேர்தல் முடிந்து சரியாக ஒரு வருடம், ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து இருவரும் கொப்பியை விரித்தோம். உள்ளூராட்சித் தேர்தல் மே மாதம் நடந்திருந்தது, அதற்கு ஒரு சரி போட்டாள். மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. பிறகு ‘ரத்து’ என்ற சொல்லில் விரலை வைத்தாள்.

“அம்மப்பா, ஏன் ரத்தெண்டு அவர் சொன்னவர்?”

அப்போதுதான் யோசித்தேன். விலை கூட, நாட்டின் எரிசக்தி ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் கைக்குப் போகிறது என்பவைதான் அவர் பேச்சில் இருந்த காரணங்கள். எங்கள் வெள்ளவாய்க்காலும் கரையும் அந்தக் காரணத்துக்குள் இல்லை. விலை குறைந்த வேறு கம்பனி வந்தால் அந்தப் பதில் மாறத்தானே செய்யும்? அவர் ரத்து என்று மட்டும்தான் சொன்னார். நான்தான் அந்தச் சொல்லுக்குள் என் ஆசையையும் சேர்த்து வைத்து வாசித்தேன். விலையை மட்டும் கேட்டு, கழிவைக் கேட்காமல் மீனைக் கொடுத்த அதே பிழை.

சில நாட்களில் வேலை தொடரும் என்று அறிவித்தார்கள். உதிரிகள் ஏற்றிய வாகனங்களை மறித்தவர்களைப் பொலிஸார் பலவந்தமாக அகற்றினார்கள். எனக்கு அந்த வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

பேத்தி கொப்பியில் புதுப் பக்கம் எடுத்து அடிமட்டத்தால் கோடு போட்டிருக்கிறாள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே இப்போது இரண்டு கட்டம். ஒன்று ‘என்ன’, மற்றது ‘ஏன்’. மேலே ‘மாகாண சபைத் தேர்தல்’ என்று தலைப்பு. திகதி எழுதும் இடம் வெறுமையாக இருக்கிறது.