சீட்டில் எழுதிய பொய்... 113 வருடங்கள் காணாமல்போன ஆந்தை!

காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஏ.ஓ.ஹியூம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவருக்கு இன்னொரு முகமும் உண்டு. பறவைகள் என்றால் மனிதருக்கு உயிர்! சிம்லாவில் இருந்த அவருடைய ‘ராத்னி கேஸில்’ பங்களாவே ஒரு பறவை மியூசியமாகத்தான் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்த ஒரு குட்டி ஆந்தை, இப்போது இங்கிலாந்தில் இருக்கிறது. தேடிப் போவோமா?

லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால், சுமார் 40 நிமிடங்களில் ட்ரிங். வரிக்குதிரை பூட்டிய வண்டி ஓட்டிய வால்டர் ராத்ஸ்சைல்டு, 1892-ல் பொதுமக்களுக்காக மியூசியம் திறந்த சின்ன ஊர். இன்று அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. உள்ளே போக கட்டணம் கிடையாது. ஆனால், நாம் தேடும் ஆந்தையை அங்கே பார்க்க முடியாது. ஆய்வாளர்கள் மட்டும் அனுமதி வாங்கி நுழையும் சேகரிப்பில், பாடம் செய்யப்பட்ட சுமார் 7 லட்சம் பறவைகளோடு அதுவும் இருக்கிறது.

ஒரு புதிய பறவைக்கு எந்த உடலைப் பார்த்துப் பெயர் வைக்கிறார்களோ, அதற்குப் பெயர் ‘டைப்’. பின்னாளில் சந்தேகம் வந்தால் அதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதன் காலில் ஒரு சீட்டு கட்டியிருக்கும். யார், எப்போது, எங்கே பிடித்தார்கள் என்ற விவரம் அதில் இருக்கும்.

இந்த ஆந்தை 1872-ல் இன்றைய சத்தீஸ்கர் பகுதியில் பிளெவிட் என்பவருக்குக் கிடைத்தது. 1873-ல் ஹியூம் அவர் பெயரையே அதற்கு வைத்தார். ஆங்கிலத்தில் ‘ஃபாரஸ்ட் ஔலெட்’. 1884 வரை மொத்தமே 7 உடல்கள்தான் கிடைத்தன. அதன்பின் பறவையையே காணோம்!

ஹியூமுக்கும் சோதனைக் காலம். பல வருடங்கள் எழுதிவைத்த பறவைக் குறிப்புகளை, வேலைக்காரர் ஒருவர் சிம்லா பஜாரில் பழைய பேப்பராக விற்றுவிட்டார். மனம் நொந்த ஹியூம், 1885-ல் தன் சேகரிப்பை பிரிட்டிஷ் மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார்.

இதற்கிடையில் எட்டாவதாக ஒரு ஆந்தை வந்து சேர்ந்தது. 1914-ல் குஜராத்தின் மாண்ட்வியில் பிடித்ததாகச் சீட்டு. கொடுத்தவர் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி மைனெர்ட்ஸ்ஹாகன். அதை நம்பினால், 1914 வரை பறவை உயிரோடு இருந்திருக்கிறது, அதுவும் குஜராத்தில்!

அமெரிக்கப் பறவையியலாளர் பமேலா ராஸ்முஸென் நம்பவில்லை. ஒவ்வொரு உடலையும் எடுத்துச் சோதித்தார். எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். குட்டு வெளிப்பட்டது. அது 1880-களில் ஜேம்ஸ் டேவிட்சன் என்ற அதிகாரி மகாராஷ்டிராவின் காந்தேஷ் பகுதியில் பிடித்த ஆந்தை. மியூசியத்திலிருந்தே திருடி, பஞ்சை மாற்றித் திணித்து, புதுச் சீட்டு கட்டியிருக்கிறார்கள்!

இதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? அந்தச் சீட்டை நம்பியிருந்தால் தேடலே தவறான ஊருக்குப் போயிருக்கும். ராஸ்முஸென் மாண்ட்வியைத் தள்ளிவிட்டு, உண்மையான சீட்டுகளில் இருந்த ஊர்களைக் கையில் எடுத்தார். பென் கிங், டேவிட் அபோட் இருவரும் உடன் வந்தார்கள். முதலில் கிழக்கே, பழைய ஆந்தைகள் கிடைத்த இடங்களில் தேடினார்கள். கிடைக்கவில்லை. அடுத்து, டேவிட்சன் பறவை பிடித்த காந்தேஷ்.

1997 நவம்பர் 25. மகாராஷ்டிராவின் சாஹதா அருகே, சாத்பூரா மலையடிவாரக் காடு. காலை வெயிலில், இலையுதிர்ந்த ஒரு மரத்தில் ஹாயாக உட்கார்ந்திருந்தது அந்த ஆந்தை. பகலிலும் நடமாடும் பறவை அது. 113 வருடங்களுக்குப் பிறகு கிடைத்த தரிசனம்!

அதன்பின் மேல்காட்டிலும், 2014-ல் மும்பைக்கு அருகே தான்சா சரணாலயத்திலும் இந்த ஆந்தை தென்பட்டிருக்கிறது. இன்றும் அழியும் ஆபத்திலுள்ள பறவைகளின் பட்டியலில்தான் இருக்கிறது. அது வாழும் காடுகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன.

அடுத்தமுறை மியூசியத்துக்குப் போனால், பறவையோடு செல்ஃபி எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் சீட்டையும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.