எனக்கு வேணுமா, விசுவசிக்கிறேனா?

வழக்கமாக பரீட்சை, பஸ், உப்பளம் என்று எதையாவது எழுதுவேன். இந்த முறை கொஞ்சம் கனமான விஷயம். சபையைப் பற்றி. கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் தைரியமாக வாசிக்கலாம், பாதிக்கு மேல் நம்ம ஊர்ச் சரித்திரம்தான் :-)

கேள்வி இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தனை பேர் குளித்து, உடுத்தி, கோவிலுக்குப் போகிறோமே, அங்கே நமக்குச் சொல்லப்பட வேண்டிய விஷயம் என்ன?

நாங்கள் சி.எஸ்.ஐ. எங்கள் பக்கம் 'சுவிசேஷம்' என்போம். கத்தோலிக்க நண்பர்கள் 'நற்செய்தி' என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். அது என்ன என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ம் அதிகாரத்தில் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காகச் செத்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார். அவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியது, இது ஒரு செய்தி. நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய செய்தி. 'இப்படிச் செய்தால் அப்படிக் கிடைக்கும்' என்கிற ஆலோசனை இல்லை.

சரி, இப்போது சரித்திரத்துக்கு வருவோம்.

நம்ம கடற்கரையில் சபை எப்படி வந்தது? 1530-களில் முத்துக்குளிப்பு உரிமை யாருக்கு என்பதில் பரதவர்களுக்கும் முஸ்லிம் வியாபாரிகளுக்கும் பெரிய மோதல். குதிரை வியாபாரம் செய்த ஜோவா த குரூஸ் என்பவர் ஒரு யோசனை சொன்னார். போர்த்துகீசியரிடம் போங்கள், ஞானஸ்நானம் வாங்குங்கள், பாதுகாப்பு கிடைக்கும். பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போனார்கள். 1535-க்கும் 1537-க்கும் இடையில் ஏறக்குறைய 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்வார்கள்.

பி.காம். படிக்கிறவனுக்கு இதைப் பார்த்ததும் ஒப்பந்தச் சட்டம்தான் ஞாபகம் வரும். முனைவு, ஏற்பு, மறுபயன். மூன்றும் சுத்தமாக இருக்கிறது. ஒரு பக்கம் ஞானஸ்நானம், மறுபக்கம் கப்பற்படை. அந்த மக்களை நான் குறை சொல்லவே மாட்டேன். தொழிலும் உயிரும் போகிற நிலைமையில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். என்ன நம்புகிறோம் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பெயர் மாறியது, பாதுகாப்பு வந்தது, செய்தி மட்டும் வரவில்லை.

1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்த ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்து விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளைகள் எல்லாவற்றையும் தமிழில் கொண்டுவந்து மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதைதான். தெரியாத ஒரு துணுக்கு இருக்கிறது. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

1544-ல் இதே கடற்கரையில் வேலை செய்துகொண்டிருந்த மான்சிலாஸ் என்கிற தன் கூட்டாளிக்குச் சவேரியார் ஒரு சின்னக் கடிதம் எழுதுகிறார். விசுவாசப் பிரமாணத்தின் தமிழில் ஒரு திருத்தம் சொல்வதற்காக. 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் மொழிபெயர்த்தவர்கள் 'எனக்கு வேணும்' என்று போட்டிருந்தார்கள்! அதாவது இரண்டு வருடமாக நம்ம கடற்கரை ஜனங்கள், கடவுளை விசுவசிக்கிறேன் என்பதற்குப் பதிலாக, கடவுள் எனக்கு வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வேணும் என்பதை எடுத்துவிட்டு விசுவாசம் என்கிற சொல்லைப் போடு என்கிறார் சவேரியார்.

அதே கடிதத்தில் இன்னொரு திருத்தம். கிறிஸ்து பாடுபட்டதைச் சொல்கிற இடத்தில், வலுக்கட்டாயத்தால் என்று பொருள்படுகிற ஒரு சொல் வந்துவிட்டது. அதைச் சொல்லாதே, கிறிஸ்து யாரும் கட்டாயப்படுத்திப் பாடுபடவில்லை, தாமாக மனம் வைத்துப் பாடுபட்டார் என்கிறார்.

யோசித்துப் பாருங்கள். தலைக்கு மேல் வேலை. ஊர் ஊராக மணல் வழியே நடை. அதற்கு நடுவில் இரண்டு தமிழ்ச் சொல்லுக்காக உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார். அந்த இரண்டு சொல்லும் எங்கே இருக்கின்றன? ஒன்று கிறிஸ்து என்ன செய்தார் என்பதில். இன்னொன்று நாம் அதற்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதில். சுவிசேஷம் முழுவதும் அந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

பிறகு வந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் தமிழை முறையாகவே படித்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் கொண்டுவந்ததுதான். இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகங்களில் ஒன்று. 16 பக்கம். அந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்து உதவியவர்கள் இந்தக் கடற்கரையின் பரதவர்கள். முத்து விற்ற காசு, என்ன நம்புகிறோம் என்று தெரிந்துகொள்வதற்காகச் செலவாகியிருக்கிறது. அவர் 1600-ல் இறந்தார், நம்ம தூத்துக்குடியில்தான் அடக்கம்.

இனி இன்றைக்கு வருவோம்.

2023 டிசம்பர் 17, 18 நம்ம ஊரில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நடுவழியில் மாட்டிக்கொண்டது. என் நண்பன் ஒருவன் வீட்டில் நெஞ்சளவு தண்ணீர். அவன் அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. உப்பும் போச்சு, வேலையும் போச்சு.

சரியாக இரண்டு வாரத்தில் டிசம்பர் 31 இரவு ஆராதனை. வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார். யார், எந்தக் கோவில் என்பது முக்கியமில்லை. வரும் வருடம் இரட்டிப்பான ஆசீர்வாதத்தின் வருடம் என்றார். தசமபாகத்தைச் சரியாகச் செலுத்துகிறவன் வீட்டு வாசலைத் தண்ணீர் தொடாது என்றார். ஜனங்கள் அல்லேலூயா சொன்னார்கள். என் நண்பனின் அப்பா எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாதாமாதம் தவறாமல் காணிக்கைக் கவர் போடுகிறவர். அவர் திரும்பியும் பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. வாக்குத்தத்த அட்டை எடுக்க வரிசையில் போகாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அவருக்கு அன்றைக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்? தண்ணீர் வந்ததற்கு உன் பாவம் காரணம் என்று ஒருவரும் சொல்ல முடியாது, பாவத்தின் கணக்கு சிலுவையிலேயே தீர்ந்துவிட்டது. கடவுள் உன்னைக் கைவிட்டதற்கு அடையாளம் இந்த வெள்ளம் இல்லை, கைவிடாததற்கு அடையாளம் அந்தச் சிலுவை. செத்தவர் எழுந்தார், அதனால் இழந்ததோடு கதை முடியவில்லை. இது எதுவும் புது உபதேசம் இல்லை. நாம் வாராவாரம் எழுந்து நின்று சொல்கிற விசுவாசப் பிரமாணத்தில் இருப்பதுதான். பிரசங்க பீடத்திலிருந்து மட்டும் வரவில்லை.

480 வருடத்துக்கு முன்னால் சவேரியார் திருத்திய அதே பிழை இது. 'விசுவசிக்கிறேன்' போய் மறுபடியும் 'எனக்கு வேணும்' வந்து உட்கார்ந்துகொண்டது. விசா வேணும், வேலை வேணும், வரன் வேணும்.

கேட்பதே தப்பு என்று சொல்லவில்லை. கடலுக்குப் போகிறவன் வீட்டில் கேட்காமல் எப்படி இருக்க முடியும்? 2017-ல் ஒக்கி வந்தபோது கேட்டவர்கள் எல்லாம் நம் ஆட்கள்தானே. இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபத்திலேயே அன்றன்றைக்குள்ள சாப்பாட்டைக் கேட்கிறோம். ஆனால் அங்கே முதலில் 'பிதாவே' என்று கூப்பிடுகிறோம். உறவு முதலில், கேட்பது பிறகு. இதைத் தலைகீழாக்கினால் சாமி கும்பிடுவது வியாபாரமாகிவிடும். மறுபயன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்று சட்டப் புத்தகம் சொல்லும். கிருபை என்பதே மறுபயன் வாங்காமல் கொடுப்பது.

சில நண்பர்கள் வேறு பக்கம் கை காட்டுவார்கள். அசனப் பண்டிகை, அறுப்பின் பண்டிகை ஏலம், சபைத் தேர்தல், பனிமய மாதா தங்கத்தேர், இவைதான் சுவிசேஷத்தை மறைக்கின்றன என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுக்கிற மாமாவுக்கு அது பூசணிக்காய் என்று நன்றாகத் தெரியும். அசனத்தில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் அதுவே ஒரு நல்ல பிரசங்கம். தேர்தல் சண்டை கோர்ட் வரை போவது அசிங்கம்தான், ஆனால் அது அசிங்கம் என்று எல்லோருக்கும் தெரிகிறது. சுவிசேஷத்தின் பெயரையே சொல்லிக்கொண்டு வேறொன்றைக் கொடுப்பதுதான் ஆபத்து. மேலே ஒட்டிய லேபிள் அதே, டப்பாவுக்குள் சரக்கு வேறு. கணக்கியலில் 'சப்ஸ்டன்ஸ் ஓவர் ஃபார்ம்' என்று ஒன்று படித்திருப்பீர்கள். வடிவத்தைப் பார்க்காதே, உள்ளே இருப்பதைப் பார்.

அதற்காக ஒரு பிரசங்கத்தைக் கேட்டபின் மூன்று விஷயம் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

1. கிறிஸ்து செத்து எழுந்திருக்காவிட்டாலும் இந்தப் பிரசங்கத்தை அப்படியே செய்திருக்க முடியுமா? முடியும் என்றால் அது தன்னம்பிக்கைப் பேச்சு.

2. எல்லாவற்றையும் இழந்த ஒருவர் முன் வரிசையில் இருந்தால் இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

3. வீட்டுக்குப் போகும்போது நான் செய்ய வேண்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறதா, அவர் செய்து முடித்ததும் ஞாபகம் இருக்கிறதா?

என் நண்பனின் அப்பா இப்போது மறுபடியும் கோவிலுக்கு வருகிறார். வெள்ளத்தின்போது வீடு கழுவிக்கொடுக்க வந்த வாலிபர் சங்கப் பையன்கள் விடாமல் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அதனால்தான். பீடத்தில் சொல்லாததை அவர்கள் சேற்றில் நின்று சொல்லிவிட்டார்கள் போல. ஆனாலும் இன்னும் அவர் வாக்குத்தத்த அட்டை எடுப்பதில்லை.

உங்கள் கோவிலில் போன ஞாயிறு என்ன பிரசங்கம்? அந்த மூன்று கேள்வியையும் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.