புளியங்கட்டை கற்பித்த பாடம்

என் தகப்பனார் விட்டுச் சென்றவற்றுள் நான் பெரிதாக மதிப்பது ஒரு பழைய ஃபிக்ஹுக் கிதாபையே. அச்சு வரிகளைச் சுற்றியுள்ள வெற்றிடமெங்கும் அவர்கள் தம் கையால் அரபுத் தமிழில் எழுதிய குறிப்புகள் நிறைந்திருக்கும். முதல் ஏட்டிலோ எங்கள் உடன்பிறந்தார் ஐவரின் பெயர்களும் பிறந்த நாட்களும் ஹிஜ்ரி ஆண்டோடு வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். அந்த ஏட்டில் இன்று இரண்டு விரற்கடை நீளத்திற்கு ஒரு கத்திவெட்டு இருக்கிறது. அது நான்காவது பெயரின் குறுக்கே செல்கிறது. சிறு வயதிலேயே மவுத்தாகிவிட்ட என் தங்கையின் பெயர் அது. அவள் பெயர் எழுத்தில் இருந்த இடம் உலகில் அது ஒன்றுதான். வெட்டியவன் நான்.

ஏழாண்டுகளுக்கு முன் நடந்தது இது. கரையான் அரித்த பழைய அட்டையைக் களைந்துவிட்டு, கிதாபுக்குத் தோலட்டை போட வேண்டுமென்று எனக்கு ஆசை பிறந்தது. வாணியம்பாடியிலிருந்து நல்ல ஆட்டுத்தோல் ஒன்றை வரவழைத்தேன். கைத்தொழில் பழக்கம் எனக்கு இல்லை, ஆனால் படித்திருந்தேன். கி.பி. 1016 முதல் 1062 வரை வட ஆப்பிரிக்காவில் ஆட்சி செய்த முஇஸ்ஸு இப்னு பாதீஸின் பெயரால் வழங்கும் ‘உம்தத்துல் குத்தாப்’ என்னும் நூல் எழுதுகோல், மை, நூற்கட்டு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது. நூல் கட்டுவோனுக்குரிய கருவிகளுள் அது சமமான கற்பலகையைச் சொல்கிறது. அதைப் படித்த பெருமிதத்தோடு ராஜகுளத்து வீட்டுத் திண்ணையில் வழவழப்பான கடப்பைக்கல் ஒன்றைப் போட்டு, அதன்மேல் தோலை விரித்து, அளவு பார்ப்பதற்காகக் கிதாபையும் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டு அறுக்கத் தொடங்கினேன்.

நாலைந்து இழுப்பிலேயே கத்தி மழுங்கிவிட்டது. கூர்மையான கத்தி தன் வழியே போகும். மழுங்கிய கத்தியைக் கையின் பலத்தால் தள்ள வேண்டும். தள்ளினேன், வழுக்கியது. மற்றதைச் சொல்லிவிட்டேன்.

சாணை பிடிப்பதற்காக அந்தக் கத்தியை உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டு சென்றேன். அவர் விளிம்பை நகத்தால் வருடிப் பார்த்துவிட்டு, “எதுமேல வெச்சு அறுத்தீங்க, பாய்?” என்றார். கல்லின்மேல் என்றேன். “கல்லு சீவுறதுக்கு. அறுக்கவும் அடிக்கவும் கட்டை. கத்தியக் குத்தம் சொல்லாதீங்க, கீழ என்ன இருக்குன்னு பாருங்க” என்றார். அன்று அவருக்கு எதிரே இருந்த சாக்கில் அமர்ந்து நான் கேட்ட பாடத்தை இயன்றவரை இங்கே எழுதுகிறேன்.

தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும்போது கத்தி ஏறத்தாழப் படுத்த நிலையில் செல்கிறது. அதன் கூர் கீழே இறங்குவதில்லை. அப்போது அடியிலுள்ள தளம் சிறிதும் விட்டுக்கொடாமல் இருந்தால்தான் தோல் சுருங்கிக் கிழியாது. அதற்குச் சலவைக்கல்லோ கடப்பைக்கல்லோ ஏற்றது. அறுக்கும்போது நிலைமை வேறு. கத்தியின் கூர் தோலைக் கடந்து வெளியே வருகிறது. வந்த கூருக்கு ஓர் இடம் வேண்டும். கல் இடம் கொடாது, கத்திதான் மடியும். துளைபோடும் உளியின் கதியும் இதுவே. சுத்தியலால் ஓரடி அடித்தால் அதன் வட்ட விளிம்பு கல்லில் மோதிப் பல் விழுந்துவிடும். மெத்தென்ற பலகையில் வைத்து அடித்தாலோ உளி ஆழப் புதைந்து தோலையும் உடன் இழுத்துச் செல்லும். துளையின் வாய் பிசிறடிக்கும்.

ஆகவே இடம் கொடுக்கவும் வேண்டும். புதைய விடவும் கூடாது. இவ்விரு குணமும் பொருந்தியது புளியமரத்தைக் குறுக்கே அறுத்த துண்டு. நெடுக்கே அறுத்த பலகையில் மரத்தின் நார் படுத்துக் கிடக்கும். கத்தி அதை அறுத்துத் தடம் பதிக்கும், பின்னர் அத்தடமே கத்தியை வழிமாற்றி இழுக்கும். குறுக்குத் துண்டில், கட்டி நிறுத்திய ஈர்க்குக்கட்டைப் போல நார்கள் நிமிர்ந்து நிற்கும். கூர் அவற்றின் இடையே நுழைந்து வெளிவரும். பின் அவை பெரும்பாலும் நெருங்கிக்கொள்ளும்.

கட்டை தேர்வதிலும் கவனம் வேண்டும். வைரம் பாய்ந்ததாகவும், நடுவில் பிளவோ புழுத்துளையோ இல்லாததாகவும் பார்க்க வேண்டும். பச்சைக் கட்டையை வெயிலில் போட்டால் வெளிப்புறம் முந்திக் காய்ந்து சுருங்கும், உட்புறம் சுருங்காது, கட்டை நடுவிலிருந்து வெடிக்கும். அறுத்த முகங்களின் வழியாகவே ஈரம் விரைந்து வெளியேறுமாதலால், அவ்விரு முகங்களிலும் சாணமோ மெழுகோ பூசி, நிழலில் பல மாதம் பொறுமையாக உலர்த்த வேண்டும். சுற்றிலும் இரும்புப் பட்டம் அடித்தால் நன்று. கறிக்கடையில் கழித்த கட்டை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடக் கூடாது. அதில் ஊறிய கொழுப்பு தோலில் கறையாகும். உப்பு கருவிகளைத் துருப்பிடிக்கச் செய்யும்.

பராமரிப்பு எளிது, ஆனால் மறக்கலாகாது. ஒரே இடத்தில் அடித்தால் குழி விழும். எனவே கட்டையைத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்த வேண்டும். நேர்கோல் ஒன்றை மேலே நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, மேடுபள்ளம் கண்டால் இழைத்துச் சமப்படுத்த வேண்டும். நீரில் ஊறவிடலாகாது, ஈரத்துணியால் துடைத்து, இருபுறமும் காற்றுப் படும்படி நிறுத்தி வைத்தால் போதும். எண்ணெய் பூசினால் அது தோலில் ஏறும். கட்டையின்கீழ் ஆடாத தரை வேண்டும். ஆடினால் அடியின் வேகம் வீணாகும்.

பெரியவர் கடைசியாகச் சொன்னது, கட்டையருகே சாணை பிடிக்கக் கூடாது என்பது. இரும்புத்தூள் விழுந்த கட்டையில் நனைந்த தோலை வைத்தால் கருநீலப் புள்ளிகள் விழுமாம். கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் கூடினால் கறுப்பு மையாகும் என்பது பழைய கிதாபுகளோடு பழகியவர்கள் அறிந்ததே. ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்ட தோலில் அதே துவர்ப்பு இருக்கிறது. நாம் மை என்பதை அவர் கறை என்கிறார், பொருள் ஒன்றுதான்.

சென்ற ஆண்டு பழைய மாணவர் ஒருவரின் நிக்காஹுக்காக ஆம்பூர் சென்றபோது, அவர் பணிபுரியும் காலணித் தொழிற்சாலையைக் காட்டினார். அங்கே புளியங்கட்டை இல்லை. வெட்டும் எந்திரத்தின்கீழ் நைலான் பலகை இருந்தது. எஃகு அச்சு இறங்கித் தோலைக் கடந்து பலகையை மெல்லத் தொட்டு நிற்கிறது. பலகை மிகக் கடினமானால் அச்சு மழுங்கும். மிக மென்மையானால் அச்சு புதையும். அதையும் அவ்வப்போது திருப்புகிறார்கள், குழி விழுந்தால் இழைக்கிறார்கள். பேருந்து நிலையத்துச் சாக்கின்மேல் நான் கேட்ட அதே பாடம்!

‘கஸஃப’ என்னும் அரபு வினைச்சொல்லுக்குத் தோலோடு தோலை வைத்துத் தைத்தல் என்பது பொருள். நபி பெருமானார் (ஸல்) தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் வருவது இச்சொல்லே. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தோல் பதனிட்டும் தைத்தும் ஈட்டியதைத் தர்மம் செய்தார்கள். வக்ஃபுச் சட்டம் எழுதிய ஹனஃபீ அறிஞர், ஹிஜ்ரி 261இல் மறைந்த இமாம் கஸ்ஸாஃப், காலணி தைத்து உண்டவர். அவர் பெயரே அத்தொழிலின் பெயர். முப்பது ஆண்டுகளாக இச்சொல்லின் வாய்பாட்டை மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்து வந்தேன். ஆனால் அச்சொல்லாகவே வாழ்ந்த ஒருவரை நாள்தோறும் பேருந்துக்காக நின்றபடி கடந்து போனேன். ஒரு நாளும் அவர் எதிரே அமர்ந்ததில்லை. கிதாபில் கற்பலகை என்று இருந்தது உண்மை. எந்த வேலைக்குக் கல் என்பதை அறிந்தவரிடம் கேளாதது என் குறை.

கிதாபுக்குத் தோலட்டை போட்டாயிற்று. பெரியவர் பார்த்திருக்க, அவருடைய கட்டையின்மேலேயே அறுத்தேன். கூலி கொடுத்தபோது, “பாடத்துக்குக் காசு வாங்குவீங்களா, பாய்?” என்று கேட்டார். வாங்குகிறேன் என்பதே உண்மை, தலை குனிந்தேன்.

கத்திவெட்டை மட்டும் நான் ஒட்டி மறைக்கவில்லை. ஓதவரும் பிள்ளைகள் அது என்னவென்று கேட்பார்கள். என் தங்கையின் பெயரை உரக்கச் சொல்லி, பிறகு இந்தக் கதையையும் சொல்கிறேன்.