அளவெடுக்கும் முன் ஒரு கேள்வி

அரூர்க் கடைத்தெருவில் எம் அத்தா தையற்கடை வைத்திருந்தார். அளவெடுக்க வருவோரிடம் அவர் முதலில் கேட்பது, "எதுக்குப் போடப் போறீங்க?" என்பதே. கல்யாணத்துக்கா, வேலைக்கா, பெருநாளைக்கா என்று தெரியாமல் அவர் துணியில் கத்திரி வைத்ததில்லை. எம் துறை மாணவர் சிலர், மாணவர் காதலைப் பற்றிய குறும்படம் ஒன்றைத் தருமபுரி மாவட்டத்திலேயே எடுக்க விரும்பி எம்மை அணுகியபோது, அக்கேள்வியே எம் நினைவுக்கு வந்தது.

அவர்கள் கொணர்ந்த குறிப்பேட்டில் கதை நான்கு பக்கம். ஆடைப் பட்டியல் ஆறு பக்கம். நாயகிக்கு ஒரே பாடலில் ஐந்து ஆடைகள், அனைத்தும் வாடகைக்கு. நாயகனுக்கு ஜீன்ஸ், டி-ஷர்ட், கறுப்புக் கண்ணாடி. பின்னணி, ஒகேனக்கல் அருவி.

"எதற்கு இவ்வளவு?" என்று வினவினோம். "படம் மாதிரி இருக்கணும் ஐயா" என்றனர்.

தமிழில் கல்லூரிக் காதலைச் சொன்ன படங்களுள் 1980-இல் வெளிவந்த 'ஒருதலை ராகம்' குறிப்பிடத்தக்கது. இ.எம்.இப்ராகிம் இயக்க, டி.ராஜேந்தர் கதையும் பாடல்களும் எழுதிய அப்படம், மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியில் படமாக்கப்பட்டது. இளைஞர்கள் அணிந்தது அக்காலத்தில் எங்கும் காணப்பட்ட பெல்பாட்டம். நாயகி உடுத்தியது சேலை. அப்படம் பார்த்துவிட்டுத் தம் கடைக்கு வந்தவர்கள் புதிதாக எதையும் தைக்கச் சொல்லவில்லை என்று அத்தா பின்னாளில் கூறுவார். திரையில் கண்டதை அவர்கள் முன்பே அணிந்திருந்தார்கள். 2018-இல் வந்த '96' படத்திலோ, பிரியும் நாளில் மாணவியொருத்தி தன் பேனா மையை மாணவனின் சீருடைச் சட்டைமீது தெளிக்கிறாள். எந்த வாடகைக் கடையிலும் கிடைக்காத ஆடையலங்காரம் அது!

நம் முன்னோரும் இதனை அறிந்திருந்தனர். சங்க அகப்பாடல்களில் தலைவன் தலைவிக்குத் தரும் கையுறை தழையாடை. தோழி அதனை ஏற்கிறாளா, மறுக்கிறாளா என்பதிலேயே காதலின் போக்கு விளங்கிவிடும்.

ஆகவே, காட்சியமைப்பைத் தொல்காப்பியத்தின் வழியிலேயே தொடங்கலாம் என்று கூறி, முதல், கரு, உரி என்று கரும்பலகையில் எழுதினோம். முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலத்துக்கு அருவியைத் தேடிப் போக வேண்டியதில்லை. பாறைக்குன்றும், செம்மண்ணும், கேழ்வரகுக் கொல்லையும், சாலையோரப் புளியமரமும் நம்மிடமே உள்ளன. காத்திருக்கும் காட்சிக்கு முல்லையின் மாலைப்பொழுது; பிரியும் காட்சிக்குப் பாலையின் நண்பகல். பழுப்பும் சாம்பலுமான இந்நிலத்தில் நாயகிக்கு ஒரு நீலத் துப்பட்டா போதும். பார்ப்பவர் கண் தானே அங்குச் செல்லும். மாணவர் மகிழ்ந்தனர். வாடகைச் செலவும் மிஞ்சியது.

இவ்வளவும் உரைத்த யாம், அடுத்து ஒரு பிழை செய்தோம். பட்டியலில் இருந்த ஜீன்ஸை அடித்துவிட்டு, 'வேட்டி, சட்டை' என்று எழுதினோம்.

காரணம் அச்சம். 2012 நவம்பர் 7 அன்று, சாதி கடந்த ஒரு திருமணத்தை அடுத்து, தருமபுரிக்கு அருகே நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன, பல எரிந்தன. ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கண்ணாடியும் அணிந்த இளைஞர்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்ற பேச்சு அந்நாளில் அரசியல் அரங்கிலேயே ஒலித்தது. இம்மண்ணில் காதல் படம் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தீங்கும் வந்துவிடக் கூடாதே என்று எண்ணினோம்.

கதை எழுதிய மாணவன் கடைசி வரிசையிலிருந்து எழுந்தான். அதிகம் பேசாதவன். "ஐயா, நான் தினமும் ஜீன்ஸ்தான் போட்டுட்டு வர்றேன். அப்ப நான் போடுறது தப்பா ஐயா?" என்றான்.

தொல்காப்பியம் நடத்திய வாய்க்கு விடை வரவில்லை. யாரோ மேடையில் வகுத்த இலக்கணத்தை எம் கையாலேயே கரும்பலகையில் எழுதியிருந்தோம். பாதுகாப்பு என்று யாம் நினைத்தது அவன் உடம்பின்மேல் ஒரு குற்றச்சாட்டாக விழுந்திருந்தது.

அருகில் சென்று பார்த்தோம். சந்தையில் வாங்கிய ஜீன்ஸ், முழங்காலில் வெளுத்திருந்தது. நீளம் மிகுந்த கால்பகுதியை மடித்துக் கையால் தைத்திருந்தார்கள். தையற்காரர் வீட்டில் வளர்ந்த எம் கண்ணுக்கு அந்த நெருக்கமான தையல் தப்பவில்லை.

"யார் தைச்சது?" என்றோம்.

"அம்மா ஐயா."

எழுதியதை அழித்தோம். அந்த ஜீன்ஸே நாயகனின் உடை என்று முடிவாயிற்று. கறுப்புக் கண்ணாடியை மட்டும் அவனே நீக்கினான்; கண் தெரியாமல் காதலை எப்படிக் காட்டுவது என்று கேட்டான். அதில் யாம் அவனிடம் மாணவரானோம்.

மூன்று விடுமுறை நாள்களில், கைப்பேசியிலேயே படம் முடிந்தது. புளியமர நிழலில் நாயகன் காத்திருக்கும் காட்சியில் அவன் கால் ஒரு நொடி அருகில் தெரியும், அத்தையலும் தெரியும். துறையில் திரையிட்ட அன்று அவ்விடத்தில் எவரும் கைதட்டவில்லை. எம் கண் மட்டும் சற்றே கலங்கியது.

இனிப் படமெடுக்க முனையும் மாணவச் செல்வங்களே! ஆடையைத் தேடிக் கடைக்குப் போகுமுன், அதை உடுத்தப் போகிறவனின் அருகில் சென்று பாருங்கள். எம் அத்தாவின் கேள்வியையும் மறவாதீர்கள். எதற்கு உடுத்துகிறீர்கள் என்று எல்லாரையும் கேட்ட அவர், இதை நீங்கள் உடுத்தக் கூடாது என்று எவரிடமும் சொன்னதில்லை.