கல்லிட்டுக் காய்ச்சிய சாறு

ஐரோப்பிய நாடுகளில் வழங்கும் பழங்கதை ஒன்று உண்டு. பசியால் வாடிய வழிப்போக்கன் ஒருவன் ஓர் ஊரை அடைந்தான். உணவளிப்பார் ஒருவரும் இலர். அவன் ஒரு பானையில் நீரை வார்த்துக் கூழாங்கல் ஒன்றை இட்டு, கல்லினால் சுவைமிக்க சாறு காய்ச்சப்போவதாகக் கூறினான். வேடிக்கை பார்க்க வந்தவருள் ஒருத்தி முட்டைக்கோசு கொணர்ந்தாள், ஒருவன் கிழங்கு சில கொடுத்தான், மற்றொருவன் உப்பிட்டான். ஊரார் அனைவரும் உண்ணத்தக்க சாறு அப்பானையில் கொதித்தது. இக்கதையின் பெயரைத் தாங்கிய கணிப்பொறி ஒன்று அமெரிக்க நாட்டில் இருந்தது.

டென்னசி மாநிலத்திலுள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹார்குரோவ், ஃபாரஸ்ட் ஹாஃப்மன் என்னும் அறிஞர் இருவர் பணியாற்றினர். 1996-ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு நிலப்படம் வரைய முற்பட்டனர். அது மாநில எல்லைகளைக் காட்டும் படம் அன்று; வெப்பம், மழை, மண்ணின் தன்மை ஆகியவற்றால் ஒத்த நிலங்களை ஓரினமாகப் பகுத்துக் காட்டும் படம். ஒன்றையொன்று ஒட்டிக்கிடக்கும் 48 மாநிலங்களையும் ஒரு சதுரக் கிலோமீட்டர் அளவுள்ள கட்டங்களாகப் பிரித்தபோது, கட்டங்கள் ஏறத்தாழ 78 இலட்சம் ஆயின. ஒவ்வொரு கட்டத்தின் இயல்புகளும் பிறவற்றோடு ஒப்பிட்டு நோக்கப்பட வேண்டும். மேசைமீது வைக்கும் சிறு கணிப்பொறி ஒன்று இதனைச் செய்ய முயல்வது, எறும்பு தேரை இழுப்பது போன்றதே. புதிய பொறிகள் வாங்கப் பொருளுதவி வேண்டினர், அது கிடைக்கவில்லை.

ஆயினும் வழி ஒன்று முன்னரே காணப்பட்டிருந்தது. நாசாவின் காடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் ஆகியோர், எளிதில் கிடைக்கும் சிறு கணிப்பொறிகள் 16-ஐக் கம்பிகளால் இணைத்து, 1994-ஆம் ஆண்டில் ஒரே பொறிபோல் உழைக்கச் செய்தனர். முப்பது ஆடவரின் வலிமையைத் தன் கைப்பிடியில் கொண்டவன் எனப் பழைய ஆங்கிலக் காவியம் போற்றும் பெயோவுல்ஃபின் பெயரை அதற்கு இட்டனர்.

ஓக் ரிட்ஜ் அறிஞர்களிடம் 16 புதிய பொறிகளும் இல்லை. பழையன எனக் கழித்து ஒதுக்கப்பட்டவற்றையே அவர்கள் கேட்டுப் பெற்றனர். பழுதுற்ற ஒன்றின் உறுப்பை எடுத்து மற்றொன்றில் பொருத்தினர். விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் என்னும் இயக்குமுறையை அவற்றில் ஏற்றினர். நாளடைவில் 130-க்கு மேற்பட்ட பொறிகள் ஓர் அறையில் நிரம்பின. சாற்றைக் குறிக்கும் 'சூப்' என்னும் சொல்லைச் 'சூப்பர் கம்ப்யூட்டர்' என்பதனோடு பிணைத்து, அதற்கு நகைச்சுவையாகப் பெயரும் சூட்டினர்.

இங்கே இடர் ஒன்று எழுந்தது. பொறிகளுள் சில விரைவானவை. பல மிக மெதுவானவை. வேலையைச் சம பங்காகப் பகுத்தால், விரைந்து முடித்தவை மெதுவானவற்றுக்காக வாளா காத்துக் கிடக்கும் அன்றோ? ஆகவே தலைமைப் பொறி ஒன்று வேலையைச் சிறு சிறு கூறுகளாக்கி வழங்கியது. ஒரு கூற்றை முடித்த பொறி அடுத்ததைக் கேட்டுப் பெறும். வலியது பல கூறுகளை முடித்தது. முதியது சிலவற்றையே முடித்தது. எதுவும் நெடுநேரம் சோம்பியிருக்கவில்லை. இப்பங்கீட்டு முறையே பொறிகளின் எண்ணிக்கையினும் பாராட்டத்தக்கது.

எல்லா வேலையும் இவ்வாறு பகுக்கத்தக்கதன்று. நாற்று நடவிற்குப் பதின்மர் இறங்கினால் வயல் விரைவில் நிறையும். குறுகிய கிணற்றின் அடியில் மண் வெட்டவோ இருவருக்குமேல் இடமில்லை. ஒரு கணக்கின் விடை வந்த பின்னரே அடுத்தது தொடங்குமாயின், நூறு பொறிகள் இருந்தும் பயனில்லை. அவை அடிக்கடி ஒன்றோடொன்று செய்தி பரிமாற நேரின், கம்பி வழியே செய்தி செல்லும் காலமே உழைப்பை விழுங்கிவிடும். நிலப்படத்தின் கட்டங்களோ ஒவ்வொன்றும் தனித்தனியே ஒப்பிடத்தக்கவை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் விளைவுகளைத் தொகுத்தால் போதும்.

அவ்வாறே சுற்றுகள் பல நிகழ்ந்தன. ஒத்த நிலங்கள் ஒத்த நிறம் பெற்ற படம், யாரும் வேண்டாவென ஒதுக்கிய அப்பொறிகளிலிருந்து வெளிவந்தது.